கிணற்றுப் பானையும் பெர்மாங்கனேட் மெழுகும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், ஹட் பேயில் எங்கள் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, உள்ளே ஒரு மண்பானையைக் கட்டித் தொங்கவிட்டோம். நாக்பூர் நீரி நிறுவனத்தார் வகுத்த இரட்டைப் பானை முறை அது. ஒரு கிலோ பிளீச்சிங் பவுடரை இரண்டு கிலோ பருமணலோடு ஈரமாகக் கலந்து, துளையிட்ட உள்பானையில் வைத்து, அதைத் துளையுள்ள வெளிப்பானைக்குள் வைப்பர். சுமார் 4,500 லிட்டர் நீருள்ள சிறு வீட்டுக் கிணற்றில் இரண்டு மூன்று வாரங்களுக்குக் குளோரின் சிறுகச் சிறுகக் கசியும்; கிருமிகள் மடியும்.

சென்ற ஆண்டு கடைக்கு வந்த ஒரு தம்பி கேட்டார்: "நயினார், போட் இன்ஜின் கழுவின மருந்தைக் கிணத்தோரம் கொட்டிட்டாங்க. தண்ணி நாறுது. பிளீச்சிங் போட்டா சரியாயிடுமா?"

"ஆகாது தம்பி" என்றேன். ஏன் என்பதைக் காண்போம்.

எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் கரைப்பான்களுள் ஒன்று டிரைகுளோரோஎத்திலீன். இது நீரைவிடக் கனமானது. நிலத்தடி நீருக்குள்ளும் கீழே இறங்கித் தங்கிவிடும். மிகக் கொஞ்சமாகவே கரைவதால் பல ஆண்டுகள் ஊறிக்கொண்டே இருக்கும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லுமே தவிர இதை உடைக்காது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் உடைக்கும். நஞ்சு கரியமில வாயுவாகவும் குளோரைடாகவும் மாறும். பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடும் மிஞ்சும். ஆனால் மருந்தை ஒரேயடியாக ஊற்றினால் அது தீர்ந்தபின் நஞ்சு மீண்டும் ஊறும். ஆகவே மருந்தும் மெதுவாகவே கசிய வேண்டும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தார் இதற்காகப் பெர்மாங்கனேட்டை மெழுகில் கலந்து, 91 செ.மீ. நீள மெழுகுவர்த்திகளாக வார்த்து, ஒரு பழைய குப்பைமேட்டு நிலத்தில் இறக்கினர். தடித்த வர்த்திகளைக் குழாய்க் கிணறுகளில் வைத்த பகுதியில் 15 மாதங்களில் நஞ்சு 67 முதல் 85 விழுக்காடு குறைந்தது. இடைஞ்சலும் உண்டு: மாங்கனீசு டை ஆக்சைடு வர்த்திமேல் ஓடுபோல் படிந்து கசிவைத் தடுக்கும். நம் பானை முறையின் தத்துவம்தான். ஆயினும் நிலத்தை அளந்து, நீரைச் சோதித்து வல்லுநர் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக் கிணற்றில் நாமே பெர்மாங்கனேட்டைக் கொட்டிப் பார்க்கலாகாது.

சமணராகிய நாங்கள் நீரை வடிகட்டிக் குடிப்பவர்கள். துணி சிற்றுயிரைத் தடுக்கும். கரைந்த நஞ்சைத் தடுக்காது. கொதிக்க வைத்தாலோ அந்த ஆவியை வீட்டுக்குள் சுவாசிக்க நேரும். எனவே அந்தத் தம்பியிடம் சொன்னது இதுதான்: "அந்தத் தண்ணியைக் குடிக்கவும் வேணாம், சமைக்கவும் வேணாம். அரசு ஆய்வுக்கூடத்துல சோதிக்கக் கொடுங்க. மிச்சமிருக்கிற மருந்தை மண்ணுல ஊத்தாம டப்பாவுல மூடி வையுங்க."

கடல் சூழ்ந்த தீவில் குடிநீர் கெட்டால் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கிப் போக வழியில்லை. கொட்டுமுன் நம் வீட்டார் இதை நினைக்க வேண்டும்.