செல்ப் எடுக்கவில்லையா? பேட்டரியைக் குறை சொல்லும் முன்...



ராத்திரி நல்ல மழை. காலையில் உழவுக்கு ஏற்ற ஈரம். டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்வார்? "பேட்டரி போச்சுங்க, புதுசு வாங்கிடுங்க" என்பார். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் புது பேட்டரி வாங்கி மாட்டுகிறோம். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அதே 'டக்'. குற்றம் பேட்டரியில் இல்லை, வயரில் இருந்தது என்று அப்புறம்தான் தெரிகிறது.

பேட்டரியைக் கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வயர்தான் வாய்க்கால். செல்ப் மோட்டார்தான் வயல். கிணற்றில் தண்ணீர் இருந்தும் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் வயல் எப்படி நனையும்? ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீர் வயலோடு நின்றுவிடும். கரண்ட் மறுபடி பேட்டரிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். எஞ்சின் இரும்பு வழியாக, எர்த் வயர் வழியாக அது திரும்புகிறது. பழைய வண்டிகளில் பாதித் தகராறு இந்த எர்த் பக்கம்தான்.

"ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, செல்ப் மட்டும் ஏன் எடுக்கலை?" என்று கேட்பீர்கள். முன் விளக்குக்கு ஐந்து ஆம்பியர் போதும். செல்ப் மோட்டாருக்கோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். துரு ஏறிய இணைப்பு கொஞ்சம் கரண்டை விடும். அதிகம் கேட்டால் விடாது.

சோதிப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கை பிரேக் போடுங்கள். பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி வேண்டாம். அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள்.

முதல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். முன் விளக்கைப் போட்டுவிட்டு, ஒருவரை எட்ட நின்று பார்க்கச் சொல்லி, நீங்கள் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு அடியோடு அணைந்தால், பேட்டரி முனையிலோ எர்த்திலோ பிடிப்பு இல்லை.

விளக்கு மங்கி, 'டக் டக் டக்' என்று விடாமல் சத்தம் வந்தால், பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது முனைகளில் பூப்பு.

விளக்கு மங்காமல் எரிந்து, சத்தமே வராவிட்டால், சாவியிலிருந்து சோலினாய்டுக்குப் போகும் சிறிய வயரில் கரண்ட் இல்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு, விளக்கும் மங்காவிட்டால், சோலினாய்டையோ மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையோ சந்தேகப்படலாம்.

இனி வைத்தியம். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவுங்கள். பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா தண்ணீர் உள்ளே போகக் கூடாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே வாசலைன் தடவுங்கள்.

எர்த்தைச் சோதிக்க, பேட்டரி கடன் கொடுக்கும் கனத்த கேபிள் ஒன்று போதும். எர்த் முனைக்கும், பெயிண்ட் இல்லாத எஞ்சின் இரும்புக்கும் நடுவே அதை மாட்டிவிட்டு, விலகி வந்து, சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்புங்கள். செல்ப் உருட்டினால், குற்றவாளி எர்த் வயர்தான். அது சேசிஸில் முடுக்கிய இடத்தைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பார்த்துச் செய்யுங்கள்.

சிறிய வயரைச் சோதிக்க, 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் சேர்த்த டெஸ்ட் லாம்பு வேண்டும். சோலினாய்டில் இருந்து அந்தச் சிறிய வயரைக் கழற்றி, அதன் முனையில் லாம்பின் ஒரு வயரையும், எஞ்சின் இரும்பில் மற்றதையும் வையுங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். எரிந்தால் அந்த வயரில் குறையில்லை, சோலினாய்டைப் பாருங்கள். எரியாவிட்டால் பியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் அல்லது கியர் பக்கம் உள்ள பாதுகாப்பு சுவிட்ச், எலி கடித்த இடம், முறுக்கி டேப் சுற்றிய பழைய ஒட்டு என்று வரிசையாகப் பாருங்கள். போன பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றாதீர்கள். வயர் முழுவதும் தீப்பிடிக்கும்.

பேட்டரியையும் விட்டுவிடக் கூடாது. மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி வராவிட்டால் டைனமோ பக்கம் கோளாறு. எத்தனை பேட்டரி மாற்றினாலும் நிற்காது.

கடைசியாக, உயிர் விஷயம். அவசரத்தில் தரையில் நின்றபடியே ஸ்க்ரூடிரைவரால் சோலினாய்டைக் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்கிறோம். அப்படிச் செய்தால் பாதுகாப்பு சுவிட்ச் காப்பாற்றாது. வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய உடனே பெரிய சக்கரம் நிற்கிறவர் மேல் ஏறிவிடும். இப்படி உயிரை விட்டவர்கள் உண்டு. "நியூட்ரல்லதான் இருக்கு" என்ற நினைப்பை நம்பாதீர்கள். எப்போதும் சீட்டில் உட்கார்ந்து சாவியால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஈரம் இன்று போனால் இன்னொரு மழைக்கு வரும். ஆள் போனால் வருமா? கொஞ்சம் பொறுமை, ஒரு உப்புத்தாள், ஒரு டெஸ்ட் லாம்பு. இவ்வளவு இருந்தால் பாதி வேளை பேட்டரிச் செலவே மிச்சம். சோதித்துப் பாருங்கள்.