படித்துச் சொல்லும் கருவிக்கு லட்ச ரூபாய் வேண்டுமா?

பார்வையில்லாதவருக்கு அச்செழுத்தைப் படித்துச் சொல்லும் கருவியா? விலையைக் கேட்டதுமே தலை சுற்றும்! மூக்குக் கண்ணாடியின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் விரலளவு கேமராவுக்கே லட்ச ரூபாய்க்கு மேல் சொல்வார்கள். எங்கள் அணைக்கட்டுப் பக்கத்தில் விடியுமுன் ஷூ கம்பெனி வேனில் ஏறி, இருட்டிய பிறகு திரும்பும் பெண்களுக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்று சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

எங்கள் தெருவில் அப்படி ஒரு தாய். ஆம்பூரில் ஷூவின் மேல்தோல் தைக்கிற வேலை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பிறவியிலேயே பார்வை கிடையாது. தம்பி படித்துச் சொன்னால்தான் பாடம். அவன் கிரிக்கெட் ஆடப் போய்விட்டால் அன்றைக்குப் படிப்பு இல்லை!

"சீட்டு எடுத்துட்டேங்க்கா, பத்தலை. செயினை வெச்சிடலாமா?" என்று வந்து நின்றாள்.

"செயின் இருக்கட்டும்மா. முதல்லே வீட்டிலே இருக்கிற போனை எடுத்துட்டு வா" என்றேன்.

காரணம் இதுதான். 1976-ல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் என்பவர் படிக்கும் இயந்திரத்தை வெளியிட்டபோது, அது துணி துவைக்கும் மிஷின் அளவு இருந்தது. பாடகர் ஸ்டீவி வொண்டர் ஆசையாக ஒன்று வாங்கினார். 2006-ல் அது கையடக்கமாகி, விலை 3,495 டாலர். 2014-ல் அதே வேலையைச் செய்யும் போன் செயலி 99 டாலர்! படமெடுப்பது, எழுத்தை அடையாளம் காண்பது, குரலில் சொல்வது என்று கருவிக்கு உள்ளவை மூன்றே வேலைகள். இன்று மூன்றையும் சாதாரண ஆண்ட்ராய்டு போனே செய்கிறது. 'கூகுள் லென்ஸ்' தமிழ் அச்சைப் படித்து எழுத்தாக்கும். 'டாக்பேக்' அதை வாசிக்கும். இரண்டும் இலவசம்.

டாக்பேக்கைப் போட்டதும் போன் கெட்டுவிட்டதென்று பயப்படாதீர்கள். ஒருமுறை தொட்டால் பெயர் சொல்லும்; இருமுறை தட்டினால் திறக்கும்; பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். பழக ஒரு மாதம் கொடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் போனை நேராகப் பிடிக்க வரவில்லை. பாதி வரி வெட்டுப்பட்டது. தாய்தான் வழி கண்டுபிடித்தாள். கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றை ஓரடி உயரத்துக்கு வெட்டி, மேலே கேமராவுக்கு ஓட்டை போட்டு, வெளிச்சத்துக்காக ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டாள். உள்ளே புத்தகம், மேலே போன். செலவு சுத்தமாக இல்லை! போன வாரம் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை மகள் கதவைச் சாத்திக்கொண்டு தானே படித்தாளாம். என்ன எழுதியிருந்தது என்று அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். அட, பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு அந்த உரிமை வேண்டாமா?

குறையும் உண்டு. அச்சு மங்கலாயிருந்தால் தமிழின் புள்ளியைப் போன் தவறவிடும். 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். கையெழுத்தில் தடுமாறும். பளபளக்கும் மாத்திரை அட்டையில் தேதியைத் தப்பாகச் சொன்னாலும் சொல்லும். மருந்து விஷயத்தில் போனை மட்டும் நம்பாதீர்கள். காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு என்று போட்டுவைத்தால் கை தடவியே தெரிந்துகொள்ளலாம்.

விலை கூடிய கருவியே வீண் என்று நான் சொல்லவில்லை. தொடுதிரை பிடிபடாத பெரியவர்களுக்கு, ஒரே பொத்தானில் படிக்கும் கருவி வசதிதான். ஆனால் நம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, கண்முன்னே படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பணத்தை எண்ணுங்கள்.

புத்தகமாகவே வேண்டுமென்றால் 2016-ல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு அரசின் வாசிப்பாளர் உதவித்தொகையும் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது தேசிய அடையாள அட்டையும், படிப்பதற்கான சான்றும் கையோடு இருக்கட்டும்.