கம்ப்யூட்டருக்கும் தொழிற்சாலை ஹீட்டருக்கும் ஒரே பாடம்!

"வெயில் காலம் வந்தால் என் கம்ப்யூட்டர் தானாகவே ஆஃப் ஆகிவிடுகிறது. வைரஸாக இருக்குமோ?" மயிலாப்பூரில் எங்கள் தெருவில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. வைரஸைத் தேடும் முன் சூட்டைக் கவனியுங்கள். சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது நினைவிருக்கலாம்.

தொழிற்சாலை ஹீட்டர்களின் கண்ட்ரோலருக்கு சாஃப்ட்வேர் எழுதுவது என் வேலை. அடையாறை அடுத்த கிண்டியில் 1958-ல் தொடங்கப்பட்ட தொழிற்பேட்டை போன்ற இடங்களில், பெயிண்டை உலர்த்தவும் பிளாஸ்டிக்கை உருக்கவும் இவை பயன்படுகின்றன. இவற்றைப் புரிந்துகொண்டால் உங்கள் கம்ப்யூட்டரும் புரியும்.

எப்படி வேலை செய்கிறது?

முதலில் ஹீட்டர். நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி இதில் இருக்கும். அடுத்தது சென்சார். இரு வேறு உலோகக் கம்பிகளின் முனைகளை இணைத்துச் சூடாக்கினால் சிறிதளவு மின்னழுத்தம் உண்டாகும். 1821-ல் சீபெக் கண்ட இந்த விளைவுதான் தெர்மோகப்பிள். 'கே' வகையில் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் கிடைக்கும். மூன்றாவது, கண்ட்ரோலர்.

180 டிகிரி வேண்டுமென்றால், 180 வந்ததும் ஆஃப் செய்தால் போதாதா? போதாது. அடுப்பை அணைத்த பிறகும் பால் பொங்குவதுபோல், ஹீட்டரில் தங்கிய சூடு மேலும் ஏறும். எனவே 'பி.ஐ.டி.' முறையில் மூன்றைக் கணக்கிடுகிறோம்: இலக்குக்கு இன்னும் எவ்வளவு தூரம், அந்த வித்தியாசம் எவ்வளவு நேரமாக நீடிக்கிறது, சூடு எவ்வளவு வேகமாக மாறுகிறது. அதற்கேற்ப மின்சாரம் கூடும், குறையும்.

திரை சொன்ன பொய்

ஒருமுறை, ஓர் அடுப்பைச் சோதித்துக்கொண்டிருந்தோம். திரையில் 38 டிகிரி. ஹீட்டரோ முழு வேகத்தில்! தெர்மோகப்பிள் அறுந்திருந்தால் கண்ட்ரோலர் கண்டுபிடித்திருக்கும். ஆனால் அது கழன்று வெளியே தொங்கியது. அறையின் சூட்டை அளந்துகொண்டிருந்தது. என் புரோகிராமின் கணக்கில் தவறே இல்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தனி சென்சாருடன் தனியாக இணைத்திருந்த கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டித்ததால் தப்பினோம்.

அன்று கற்றது: கட்டுப்பாடு வேறு, பாதுகாப்பு வேறு. இரண்டையும் ஒரே சென்சாரிடம் ஒப்படைக்கக் கூடாது.

உங்கள் வீட்டில்

கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். ப்ராசஸருக்குள் உள்ள சென்சாரைப் பார்த்து ஃபேன் வேகம் மாறும். 100 டிகிரியை நெருங்கினால் பல ப்ராசஸர்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிவிடும். இது கோளாறு அல்ல, காவல்.

* கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி (போர்டுக்குப் போர்டு மாறும்) பயாஸுக்குள் செல்லுங்கள். 'ஹார்டுவேர் மானிட்டர்' பகுதியில் சூட்டையும் ஃபேன் வேகத்தையும் பாருங்கள்.

* ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசியை அகற்றுங்கள். ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

* கேபினட்டைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மேலே துணி போட்டு மூடாதீர்கள்.

வீட்டு கீஸரிலும் தெர்மோஸ்டாட்டுடன் கட்-அவுட் இருக்கும். அது அடிக்கடி ட்ரிப் ஆனால், "நேரடியாக இணைத்துக் கொடுங்கள்" என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிடாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்!