வீட்டு வாசலும் பேருந்து நிறுத்தமும்

ஒரகடத்தில் மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்று பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக வரும். அவற்றின் இடுக்குகளில் மோட்டார் சைக்கிள்கள் நுழையும். ஒரே ஆள் அமர்ந்த கார்களும், சரக்குப் பெட்டி சுமந்த லாரிகளும் இடையிடையே ஊர்ந்துகொண்டிருக்கும். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வந்தது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் எனத் தொழிற்பேட்டைகள் பெருகின. இப்போது அவற்றைச் சுற்றி வீட்டு மனைகள் பெருகுகின்றன. அங்கே குடியேறுவோர் எதில் ஏறி வேலைக்குப் போவார்கள் என்பதைப் பெரும்பாலும் அவர்கள் முடிவு செய்வதில்லை. மனைப்பிரிவின் வரைபடத்தை வரைந்தவர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். அது எப்படி என்று காண்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு பேருந்து லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது எனக் கொள்வோம். அதில் 50 பேர் இருந்தால், ஒரு லிட்டரில் 200 'ஆள்-கிலோமீட்டர்' பயணம் கிடைக்கிறது. தனி ஆள் ஓட்டும் மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 தரும். தனி ஆள் ஓட்டும் கார் 15 தரும். ஆனால் அதே பேருந்தில் 12 பேர்தான் இருக்கிறார்கள் என்றால்? கணக்கு 48 ஆகிவிடுகிறது. மோட்டார் சைக்கிளைவிடக் குறைவு! ஆகவே பேருந்து என்பதனாலேயே அது சிக்கனமானதாகிவிடாது. நிரம்பிய பேருந்தே சிக்கனமானது.

பேருந்தை நிரப்புவது எது? நிறுத்தத்திற்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ள வீடுகள். மனிதர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், 500 மீட்டரை 6 நிமிடத்தில் கடக்கலாம். அதற்கு மேல் நடப்பதற்குப் பலரும் தயங்குவர், அதுவும் பங்குனி வெயிலில். நிறுத்தத்தை மையமாக வைத்து 500 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அதன் பரப்பு சுமார் 78 ஹெக்டேர், அதாவது 190 ஏக்கருக்கும் அதிகம். ஒரு நிறுத்தத்திற்கு எத்தனை பெரிய ஊர்!

ஆனால் காகத்தைப் போல் நாம் நேர்கோட்டில் பறப்பதில்லை. புதிய குடியிருப்புகளுக்குச் சுற்றுச்சுவரும் ஒரே வாசலும் இருப்பது வழக்கம். நிறுத்தம் சுவருக்கு அப்பால் கண்ணுக்கெதிரே இருந்தாலும், வாசலைச் சுற்றித்தான் வர வேண்டும். இதனால் நடக்கும் தூரம் இரு மடங்கானால், வட்டத்தின் ஆரம் பாதியாகிறது. பரப்போ, ஆரத்தின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. 78 ஹெக்டேர் 20 ஹெக்டேருக்கும் கீழே சுருங்குகிறது. ஒரு சுவர் செய்யும் வேலை இது. சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பக்க வாசல் வைத்தால், இழந்ததில் பெரும்பகுதி திரும்பிவிடும். பாதுகாப்புக்கு என்று சொல்லி அதை மூடிவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும் ஒரு பெண், விளக்கில்லாத சாலையில் ஒரு கிலோமீட்டர் சுற்றி நடப்பது யாருக்குப் பாதுகாப்பு என்று தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனவே அவர்களைப் பொறுத்தவரை தடையாக இருப்பது காசு அல்ல. நிறுத்தம் வரையுள்ள தூரமும் காத்திருக்கும் நேரமுமே. ரயிலைச் சொல்லவும் வழியில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து போடப்பட்ட பாதை வடக்கே திருவள்ளூர் வழியாகச் சென்றது; பின்னால் வந்த தெற்குப் பாதை செங்கல்பட்டு வழியாகச் சென்றது. நடுவில் ஸ்ரீபெரும்புதூர் ரயிலின்றியே நின்றுவிட்டது.

பழைய ஆலைகளின் கதை வேறு. 1955இல் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது, பணியாளர் குடியிருப்புகளும் பக்கத்திலேயே எழுந்தன. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்திற்குக் கைலாசபுரத்தில் ஒரு நகரியமே உண்டு. அத்தகைய இடங்களில் சைக்கிளே போதும். ஒரு கிலோமீட்டர் நடக்கச் செலவாகும் உடற்சக்தியில் ஒரு சிறு பங்கிலேயே அத்தூரத்தைக் கடத்திவிடும் வண்டி அது. பின்னர் வந்த தனியார் ஆலைகள் பெரும்பாலும் வீடு கட்டவில்லை, பேருந்து அனுப்பின. அந்தப் பேருந்து ஊர் ஊராய்ச் சுற்றி ஆட்களைச் சேர்க்க வேண்டும். பத்து நிறுத்தங்களில் இரண்டிரண்டு நிமிடம் நின்றால், முதல் நிறுத்தத்தில் ஏறியவருக்கு நிற்பதிலேயே 20 நிமிடம் போய்விடும்.

இந்நிலையை ஓரளவு மாற்றியது வல்லம் வடகால் விடுதி. சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய் செலவில் 20 ஏக்கரில் கட்டிய இதை, 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர். பெருக்கிப் பாருங்கள், 18,720 பெண்கள். இத்தனை பேர் ஓரிடத்தில் வசிக்கும்போது, 50 பேர் ஏறும் பேருந்து வாசலிலேயே நிரம்பிவிடும். எங்கும் சுற்ற வேண்டியதில்லை. மேலே கண்ட 200 என்ற எண் இங்கே நடைமுறையில் எட்டக்கூடியது.

ஆயினும் அறைக்கு ஆறு கட்டில் போட்ட விடுதியில் குடும்பம் நடத்த முடியாது. திருமணமான தொழிலாளி வெளியே வீடு தேடத்தான் வேண்டும். அப்போது அவர் வந்து சேர்வது நாம் முன்பு பார்த்த சுற்றுச்சுவர் மனைப்பிரிவுக்குத்தான். குடியேறிய முதல் மாதமே முக்கியமானது. அப்போது பேருந்து கிடைக்காவிட்டால், தவணையில் ஒரு வண்டி வாங்கிவிடுவார். வாங்கிய பின் தவணையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றைய பெட்ரோலை மட்டுமே பேருந்துக் கட்டணத்தோடு ஒப்பிடுவார். பிறகு நிறுத்தம் வந்தாலும் அவர் திரும்புவது அரிது. ஜெர்மனியில் பிரைபர்க் நகரின் வாபான் குடியிருப்பில், கார்களைப் பெரும்பாலும் ஓரத்துக் கட்டடங்களில் நிறுத்த வைத்தார்கள். 2006இல் டிராம் வண்டியையே குடியிருப்புக்குள் கொண்டுவந்தார்கள்.

உங்கள் ஊரில் புதிய மனைப்பிரிவின் வரைபடம் கிடைத்தால், ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மிகத் தொலைவிலுள்ள மனையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை, தெருக்களின் வளைவுகளை ஒட்டி நூலை வைத்து அளந்து, அளவுகோலால் மீட்டராக மாற்றுங்கள். பிறகு அதே இரு புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டில் அளவெடுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் விடை 1.5க்கு மேல் இருந்தால், பக்க வாசலை எந்த இடத்தில் திறக்கலாம் என்று சுவரோரம் தேடிப் பாருங்கள்.