சால்மன் சீரம்: எதை எதிர்பார்க்கலாம்?

தோல் மருத்துவப் பிரிவுக்கு வருவோர் சிலர் இப்போது கைப்பையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து, "இதைப் பூசலாமா, டாக்டர்?" என்று கேட்கின்றனர். அது பி.டி.ஆர்.என். சீரம். சால்மன் மீனின் விந்தணுவிலிருந்து பெரும்பாலும் பிரித்தெடுக்கப்படும் டி.என்.ஏ. துண்டுகள் அதில் உள்ளன. தென்கொரியாவிலிருந்து பரவிய மோகம் இது.

அங்குள்ள சிகிச்சை நிலையங்களில் இப்பொருளை ஊசி வழியாகத் தோலுக்குள் செலுத்துகின்றனர். பூசும் சீரத்தின் நிலை வேறு. ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் ஆரோக்கியமான தோலின் மேலடுக்கைக் கடப்பது அரிது. இத்துண்டுகளோ அதைப்போல் நூறு மடங்கும் அதற்கு மேலும் பெரியவை. ஆகவே, ஊசி போட்டுக்கொண்டவரின் படத்தைப் பார்த்துச் சீரத்தை வாங்காதீர்கள்.

பயனே இல்லையா? உண்டு. உடன் சேர்க்கப்படும் கிளிசரினும் ஹையலூரானிக் அமிலமும் ஈரப்பதம் தரும். வறண்ட முகம் சில நாள்களில் மென்மையாகத் தோன்றும். ஆனால் பருத்தழும்பின் குழி நிரம்பாது. மங்கு மறையும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். மங்கு உள்ளவர் அந்தப் பணத்தில் முதலில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வாங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து.

மீன் ஒவ்வாமை உள்ளோர் மருத்துவரைக் கேளாமல் பூசலாகாது. மற்றவர்களும் முன்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்த பின்னரே முகத்தில் பயன்படுத்துக. சீரம் உள்ளிறங்க வேண்டுமென்று வீட்டில் டெர்மாரோலர் உருட்டுவது தொற்றையும் கருந்திட்டையும் வரவழைக்கும். திருமணத்துக்குச் சில நாள்களே இருக்கும்போது புதிய சீரம் எதையும் தொடங்க வேண்டாம்.

ஆறாத புண்ணோ உருமாறும் மச்சமோ இருப்பின், எந்தச் சீரத்தையும் பூசிக் காத்திராமல் உடனே வந்து காட்டுங்கள். வரும்போது புட்டியையும் எடுத்து வாருங்கள்.