அண்டாவில் ஒடுக்கு விழுந்தால் யார் பொறுப்பு?

முகூர்த்த மாதம் வந்தால் வாடகைப் பாத்திரக் கடைகள் காலியாகிவிடும். அண்டா, குண்டான், அன்னக்கூடை, ஜல்லிக்கரண்டி, தாம்பாளம், சமுக்காளம் என எல்லாம் வண்டியேறிவிடும். சிக்கல் வருவது அவை திரும்பி வரும்போதுதான். கரண்டியில் இரண்டு குறையும். அண்டாவின் விளிம்பில் ஒடுக்கு விழுந்திருக்கும். "நாங்க எடுத்துட்டுப் போகும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்பார் கல்யாண வீட்டுக்காரர். கடைக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்.

இந்த வழக்குக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. பொருளை வாங்கிச் சென்றவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டும் சேதமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவர் பொறுப்பல்ல. பேசியதற்கு மாறாகப் பயன்படுத்தினாலோ, தன் தவறால் கெடு தாண்டித் திருப்பிக் கொடுத்தாலோ நிலைமை மாறிவிடும். நட்டம் அவர் தலையில்தான்.

கடைக்காரருக்கும் கடமை உண்டு. வாடகைக்குக் கொடுத்த பொருளின் பழுதால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தப் பழுது தனக்கே தெரியாது என்று அவர் தப்ப முடியாது. காது ஆட்டம் கண்ட அண்டா, கொதிக்கும் சாம்பாரோடு சமையல்காரர் கையிலிருந்து நழுவினால் என்ன ஆகும்? அந்தச் சட்டப் பிரிவின் அருமை அப்போதுதான் புரியும்.

தேய்மானம் எது, சேதம் எது என்பதைப் பித்தளைப் பாத்திரத்தில் தெளிவாகப் பார்க்கலாம். உள்ளே பூசிய ஈயம்தான் புளிக்குழம்பும் ரசமும் களிம்பேறாமல் காக்கிறது. வருடக்கணக்கில் தேய்த்துக் கழுவியதில் அந்தப் பூச்சு மங்கினால் அது தேய்மானம். மறுபடி ஈயம் பூசும் செலவு கடைக்காரருடையது. வாடகை வாங்குவதே அதற்கும் சேர்த்துத்தான். ஆனால் பூச்சுக்குப் பயன்படும் இந்த வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெறும் பாத்திரத்தை எரியும் அடுப்பில் மறந்து வைத்துப் பூச்சு உருகித் திரண்டிருந்தால், அது கவனக்குறைவு. அந்தச் செலவை எடுத்துச் சென்றவர் கொடுப்பதே நியாயம்.

கரண்டியும் டம்ளரும் தொலைவது பெரும்பாலும் திருட்டால் அல்ல. மிச்சச் சோற்றோடு உறவினர் வீட்டுக்குப் போயிருக்கும். அல்லது எச்சில் இலைக் குவியலில் புதைந்திருக்கும். கடைக்காரர்கள் பாத்திரத்தில் பெயரெழுத்தை வெட்டி வைப்பது இதற்காகத்தான். இலையை அள்ளிக் கொட்டும் முன் ஒருமுறை கிளறிப் பார்த்தாலே பாதி வாக்குவாதம் குறையும்.

மீதிப் பாதி, எடுக்கும்போதே தீர வேண்டியது. அவசரத்தில் எண்ணாமல் வண்டியில் ஏற்றாதீர்கள். பழைய ஒடுக்கு, விரிசல், ஆடும் காது எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையிலேயே கைபேசியில் படமெடுங்கள். எந்தப் பொருள் தொலைந்தால் எவ்வளவு, ஒடுக்கு எடுக்க எவ்வளவு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.