தந்தையின் கடன் அட்டை

வீடு திரும்பும் நாளில் தந்தையர் சிலர் கடன் அட்டையால் கட்டணம் செலுத்தி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைப்பதை நாங்கள் காண்கிறோம். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். பிறகு மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி, கடன் அடைவதாக நம்புகிறார்கள்.

கணக்கோ வேறு. நிலுவை 50,000 ரூபாய், மாத வட்டி 3.5 விழுக்காடு என்று கொள்வோம். வட்டி 1,750 ரூபாய். அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 315 ரூபாய். 2,500 ரூபாய் கட்டினாலும் அசலில் குறைவது 435 ரூபாயே. பழைய நிலுவை இருக்கும்வரை, அதே அட்டையில் வாங்கும் மருந்துக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும்.

ஆகவே, கடிந்துகொள்ளாமல் அருகில் அமர்ந்து மாதக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அட்டையின் பயன்பாட்டை நிறுத்திவைத்து, நிலுவையைக் குறைந்த வட்டித் தவணைகளாக மாற்றித் தருமாறு தந்தையைக் கொண்டே வங்கியிடம் கேளுங்கள். வங்கி நகைக்கடனின் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. நகை தாயாருடையது, முடிவும் அவருடையதாகட்டும்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அடுத்த சிகிச்சைக்கு அட்டையை நீட்டுமுன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று எங்கள் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். குடும்ப அட்டையையும் ஆதாரையும் உடன் கொண்டு வாருங்கள்.